நடுக்கம் குடித்த ரப்பர்

பேச்சிப்பாறைக்குப் போகிற சாலையில், ரப்பர் மரங்கள் இரண்டு பக்கமும் சாய்ந்து நின்று வெயிலைப் பச்சையாக்கி இறக்குகிற இடத்தில், அரசமூடு என்று ஒரு முக்கு இருக்கிறது. ஒரு அரசமரம், ஒரு டீக்கடை, ஒரு சர்ச், சற்றுத் தள்ளி ஒரு மாடன் கோயில், அப்புறம் என்னுடைய ஒர்க்‌ஷாப். அங்கே ஒரு வருஷம், தாசையனின் மோட்டார்சைக்கிளில் நான் மாட்டிய நாலு ரப்பர் துண்டு ஊரில் இருந்த நடுக்கத்தை எல்லாம் குடித்துவிட்டது. ஏன் குடித்தது என்று என்னைக் கேட்க வேண்டாம். மேலே படிக்கலாம், இல்லாவிட்டால் வேறு வேலை பார்க்கலாம்.

தாசையன் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன். விடிவதற்கு முன்னால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரத்துக்கு மரம் நடந்து, பட்டையில் சாய்வாக ஒரு கோடு கீறி, கோட்டின் நுனியில் தேங்காய்ச் சிரட்டையைப் பொருத்தி, முதல் சொட்டு விழுகிற சத்தம் காதுக்கு வந்ததும் அடுத்த மரத்துக்குப் போகிற வேலை. கீறல் பட்டையோடு நிற்க வேண்டும். பட்டைக்குள் இருக்கிற தடியைத் தொட்டால் மரத்துக்குக் காயம்; மரத்தை முறித்துவிட்டான் என்பார்கள். காயம் பட்ட இடம் முண்டு கட்டி, அப்புறம் அந்தப் பக்கம் பால் வராது. ஒரு நூல் அளவுதான் இடம், அந்த இடத்தை அறிந்திருந்தது அவன் கை, அந்தக் கைதான் ஆடத் தொடங்கியிருந்தது. முதலில் சுண்டுவிரல், அப்புறம் மணிக்கட்டு, அப்புறம் சோற்றுக்கும் வாய்க்கும் நடுவே பாதிச் சோறு மடியில் விழும்வரைக்கும். நரம்பு என்றார் டாக்டர். தோட்டத்து சூப்பர்வைசருக்கு நரம்பெல்லாம் தெரியாது. "இன்னொரு மரத்த முறிச்சீருன்னா கத்திய வச்சிட்டுப் போய்க்கிடும்" என்றார்.

கத்தியை வைத்துவிட்டுப் போக அவனுக்கு இடம் கிடையாது. மரங்களைத் தவிர வேறு யாரோடும் அவன் அதிகம் பேசியதும் கிடையாது.

வண்டியும் ஆடியது. மாமனார் கல்யாணத்துக்குக் கொடுத்த பழைய வண்டி. இன்ஜினுக்கு முன்னால் வளைந்து நிற்கிற இரும்புக் குழாய்க்குக் கார்டு என்று பேர். வண்டி விழுந்தால் இன்ஜினும் காலும் தப்பும். அந்தக் கார்டு வண்டியின் சட்டத்தோடு சேருகிற நாலு இடத்திலும் ரப்பர் புஷ் இருக்கும், இரும்பும் இரும்பும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளாமல் நடுவில் இருந்து அடி வாங்குவதற்கு. தாசையன் வண்டியில் நாலும் வெடித்து, பொடிந்து, சாலையில் எங்கெங்கோ உதிர்ந்துபோயிருந்தன. கார்டு போடுகிற சத்தத்தில் அவன் வருவது இரண்டு வளைவுக்கு முன்பே தெரியும். டீக்கடை சுலைகா பீவி பாலை அடுப்பில் ஏற்றிவிடுவாள்.

"ஆசானே, கார்டு ஆடுது."

"காது கேக்குது."

"கையும் ஆடுது. ரெண்டும் சேந்து ஆடுனா எப்பிடி ஓட்டுகது?"

"கைய நான் பாக்க முடியாது. கார்ட வேணா பாக்கேன்."

புஷ் கிடைக்கவில்லை. அந்த வண்டியைச் செய்தவர்களே அதை மறந்து வெகு காலம் ஆகியிருந்தது. டியூபை வெட்டிச் சுற்றினேன், கிழிந்தது. பழைய டயரைச் செதுக்கி வைத்தேன், நசுங்கிப் பிதுங்கி வெளியே வந்தது. ஒவ்வொரு தடவையும் தாசையன் வந்து, ஆடுகிற கையை ஆடாத கையால் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நிற்பான். எனக்கு அது ஆகாது. வேலை செய்யும்போது பக்கத்தில் ஆள் நிற்கக் கூடாது.

கடைசியாக அவன் ஒரு பொட்டலம் கொண்டுவந்தான். தோட்டத்தின் மேல்வரிசையில் அவன் முறித்த மரம் ஒன்று நின்றது. கை ஆடி, கத்தி தடிக்குள் போய்விட்டது. அன்று தொடங்கிய பாலை அந்த மரம் நிறுத்தவேயில்லை. சிரட்டை நிரம்பி, வேரில் வழிந்து, வெயிலில் உறைந்து, உறைந்ததன் மேல் மறுபடி வழிந்து, கன்றுக்குட்டி படுத்திருக்கிற மாதிரி வெள்ளையாக ஒரு கட்டி அதன் அடியில் வளர்ந்துகொண்டே போயிற்று. அதிலிருந்து ஒரு துண்டைத்தான் வாழையிலையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான்.

"இதப் பாரும் ஓய். ரப்பர் காட்டுக்குள்ள இருந்துகிட்டு ரப்பருக்கு அலையுதோம்."

பச்சைப் பாலில் உறைந்ததை வைத்து யாரும் புஷ் செய்யமாட்டார்கள். வெயிலுக்கு இளகும், எண்ணெய் பட்டால் கூழாகும். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், ரப்பரில் பிறந்து ரப்பரில் சாகிற எங்கள் பக்கத்தில் தெரியாத ஆள் கிடையாது. ஆனாலும் எங்கள் பக்கத்தில்தான் எந்த ஓட்டைக்கும் முதலில் இப்படி உறைந்த ஒட்டுப்பாலில் ஒரு துண்டைத் தேடுவார்கள், கூரைக்கும், படகுக்கும், பல்லுக்கும்கூட. அவன் இனிமேல் வந்து நிற்காமல் இருந்தால் போதும் என்று கந்தகத்தைத் தூவி, பஞ்சர் ஒட்டுகிற சூட்டு இரும்புக்குள் வைத்து நெரித்துச் சுட்டேன். ஒர்க்‌ஷாப் முழுக்க மழையில் நனைந்த பசுவின் வாசம் வந்தது. பழுக்கக் காய்ந்த கம்பியால் துளை போட்டு, இரண்டு பக்கமும் வாஷர் வைத்து, போல்ட்டை முறுக்கினேன்.

"உதையும்."

உதைத்தான். இன்ஜின் ஓடியது. கார்டு நின்றது. கார்டு மட்டும் இல்லை, ஹேண்டில் நின்றது, கண்ணாடி நின்றது, வண்டி ஸ்டாண்டு போட்டிருந்த தரை நின்றது. நான் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கார்டின் வளைவில் வைத்துப் பார்த்தேன். ஆவி மட்டும் மேலே போயிற்று, டீ உறங்குகிற மாதிரி கிடந்தது. தாசையன் குனிந்து அந்தக் கிளாசை எடுக்கப் போனவன், கார்டைப் பிடித்த கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். சுண்டுவிரல் நின்றிருந்தது. மணிக்கட்டு நின்றிருந்தது. அவன் டீயை எடுத்து, ஒரு சொட்டு சிந்தாமல், முழுக்கக் குடித்தான்.

"அது எனக்க டீ" என்றேன்.

மறுநாள் அவன் வெட்டிய மரங்கள் ஒன்றிலும் காயம் இல்லை. மேல்வரிசை மரம் பாலை நிறுத்திக்கொண்டது.

ஊருக்குத் தெரியாமல் இருக்குமா? மறுநாளே சுலைகா பீவி, காய்ச்சலில் வெடவெடத்த பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, அதன் கையைக் கார்டில் வைத்தாள். காய்ச்சல் அப்படியே இருந்தது, வெடவெடப்பு மட்டும் போய்விட்டது. அப்புறம் பரீட்சைக்குப் போகிற பெண்கள் வந்தார்கள், கல்யாண மாப்பிள்ளை வந்தான், மலைச்சாலையில் பஸ்ஸைப் பள்ளத்தின் விளிம்பில் நிறுத்திவிட்டு இறங்கிய டிரைவர் வந்தார், காலையில் கை நடுங்காமல் முதல் கிளாசைப் பிடிக்க முடியாத குட்டப்பன் வந்தான், இடிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் படுக்கிற நாயை ஒருத்தர் தூக்கிக்கொண்டு வந்தார். பால் எடுத்து முடித்து தாசையன் முக்குக்கு வரும்போது அரசமரத்தடியில் கூட்டம் காத்திருக்கும். பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம் என்று யாரோ முறை வைத்தார்கள். மாடன் கோயில்காரர்கள் கார்டில் பிச்சிப்பூச்சரம் போட்டார்கள், சர்ச்சுக்காரர்கள் ஜெபமாலை தொங்கவிட்டார்கள், சுலைகா பீவி ஒரு பச்சைத் துணியைக் கட்டினாள். பிரேக்கில் சுற்றிக்கொள்ளும் என்று எல்லாவற்றையும் நான் கழற்றி அவரவரிடம் திருப்பிக் கொடுத்தேன். யாரும் அதிசயம் என்று சொல்லவில்லை. தலைவலிக்குத் தைலம் என்கிற மாதிரி, நடுக்கத்துக்குத் தாசையன் வண்டி என்றார்கள்.

தாசையனுக்கு அது பெருமையாக இருந்தது. அவனுக்கு அதுவரைக்கும் பெருமை என்று ஒன்று இருந்ததில்லை. "தொடுங்க, தொடுங்க, அவசரப்படாதுங்க" என்று வண்டிமேல் உட்கார்ந்து சொல்வான். பேச்சு வந்துவிட்டது.

புஷ்கள் வளர்ந்தன. நெல்லிக்காய் மாதிரி இருந்தவை எலுமிச்சையாகி, எலுமிச்சை, குட்டிப் பலாப்பழம் மாதிரியான அயினிச்சக்கையாகி, வாஷருக்கு வெளியே வெள்ளையாக உப்பிக்கொண்டு நின்றன. தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. வண்டியைத் தள்ள இரண்டு ஆள் வேண்டியிருந்தது. ஒரு கட்டத்தில் யாரும் தொடத் தேவையில்லாமல் போயிற்று. வண்டி கடந்துபோகிற வழியில் இருந்த நடுக்கம் எல்லாம், தாய்க்கோழிக்குப் பின்னால் போகிற குஞ்சுகள் மாதிரி, தானாகவே அதன் பின்னால் போயிற்று.

முதலில் அரசமரம் நின்றது. காற்றே இல்லாத நாளிலும் சலசலக்கிற மரம், ஆனிக்காற்றிலும் ஓர் இலையை அசைக்கவில்லை. சர்ச் மணியை அடித்தால் பலகையில் அடித்த மாதிரி டொக் என்றது. சர்ச்சில் கோயர் பாடுகிற பெண்களின் குரல் ஒரே கோடாகப் போயிற்று, ரேடியோவில் மீன் விலை சொல்கிற மாதிரி. இரண்டு வருஷம் ஒரு பெண்ணின் பின்னால் திரிந்த பையன் ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் நேராகப் போய், "உன்னக் கெட்டட்டா?" என்றான். அவள் "கெட்டு" என்றாள். உப்பு வாங்குகிற மாதிரி முடிந்துவிட்டது. இரண்டு பேரும் வீட்டுக்குப் போய் வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். பிறந்த பிள்ளைகள் அழவில்லை. அழுகைக்கு முன்னால் உதடு துடிக்க வேண்டும், அது துடிக்கவில்லை, பசித்துக் கிடந்த பிள்ளையைப் பார்த்து என்ன சமர்த்து என்று மெச்சிக்கொண்டிருந்தார்கள்.

அதையும் ஊர் பொறுத்துக்கொண்டது. ஒன்றைப் பழகிவிட்டால் எங்கள் ஆட்கள் லேசில் குறை சொல்லமாட்டார்கள். பிள்ளைகளுக்கு நேரம் பார்த்துப் பால் கொடுத்தார்கள், மணிக்குப் பதில், சர்ச்சைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை வீடுவீடாகப் போய்க் கூப்பிட்டார். அரசமரத்தின் கீழே சத்தம் இல்லாததால் மத்தியானத்தில் நல்ல உறக்கம் வந்தது. ஊரே மெல்ல உறக்கத்துக்குள் நடந்துபோகிற மாதிரி இருந்தது. நடப்பதும் ஒரு மாதிரி மிதப்பாக, பேசுவதும் ஒரு மாதிரி தண்ணீருக்கடியில் இருந்து வருகிற மாதிரி.

மாடனுக்கு வருஷக் கொடைத் திருவிழா வந்தது.

சாமியாடி வேலப்பன் வருஷம் முழுக்க சந்தையில் வாழைக்குலை சுமக்கிறவன். ஒரு கண் சற்று மாறு, பேச்சு திக்கும், ஆளைக் கண்டால் யாரும் வழி விடமாட்டார்கள். கொடையன்று மட்டும் உச்சி நேரத்தில் மாடன் அவன்மேல் வருவார். உடம்பு கால்விரலில் இருந்து ஆடத் தொடங்கி, இடுப்பில் மணி கோத்த சல்லடம் குலுங்கி, திக்காத குரலில் அவன் ஊரைப் பெயர் சொல்லி அழைப்பான், ஊர் கைகட்டி நிற்கும். அன்று அவன் குளித்து, சந்தனம் பூசி, மாடனின் ஈட்டியான வல்லயத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். மேளக்காரர்கள் அடித்தார்கள், தோல் அதிரவில்லை, சாக்கில் அடித்த மாதிரி இருந்தது. வில்லுப்பாட்டுக்காரர் வில்லில் வீசுகோலைப் போட்டார், நாண் கம்பி மாதிரி நின்றது. வேலப்பன் நின்றான். பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நின்றான். வெயில் உச்சியைத் தாண்டியது. படையல் சோற்றில் ஈ உட்கார்ந்தது.

"வ... வரல்ல" என்றான் வேலப்பன். அவன் கண்ணில் தண்ணீர் வந்தது, முகம் அசையாமல். "எ... எனக்கு இந்த ஒரு நாளுதான் ஓய்."

கொடைக்கு வந்த கூட்டம் அப்படியே, மேளக்காரர்களும் சேர்ந்து, என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. நான் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். தாசையன் வண்டி அங்கேதான் நின்றது, செயினுக்கு எண்ணெய் விட.

"கழத்தும் ஆசானே" என்றார்கள்.

தாசையன் வண்டிக்கு முன்னால் வந்து நின்றான். "தொட்டா நான் செத்தேன். எனக்கு வேற என்ன தெரியும்? சொல்லுங்க. எனக்க கை ஆடுனா நாளைக்கே சூப்பர்வைசர் கத்திய வாங்கிப்போடுவாரு. காய்ச்சக்காரன் வந்தீங்க, கல்யாணக்காரன் வந்தீங்க, வேண்டாம்னு சொன்னனா? லேய் குட்டப்பா, நீ தெனமும் வருவியே, நீ சொல்லுலேய்."

குட்டப்பன் மேளக்காரர்களுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டான்.

கூட்டத்தில் இருந்து தாசையன் பெண்சாதி ரெத்தினபாய் வந்தாள். எல்லோரும் அவள் அவனுக்காகச் சண்டை பிடிப்பாள் என்று நினைத்து வழி விட்டார்கள்.

"கழத்திருங்க" என்றாள்.

"நீயுமா பிள்ளே?"

"விடியக்காலம் எழும்பும்போ எனக்க தோளத் தொட்டு எழுப்புவியளே. முன்னால அந்தக் கை ஆடும். ஆடுனாலும் எனக்கு ஆளத் தெரியும். இப்பம் தொட்டா மரக்கொம்பு விழுந்ததுன்னு நினைச்சு முழிக்கேன்." அவள் குரலும் கோடாகத்தான் வந்தது, சொல்ல வந்ததற்கும் குரலுக்கும் சம்பந்தம் இல்லாமல். "அழணும்போல இருக்கு. உதடு துடிக்க மாட்டேங்கி. எனக்க அழுகையக் குடுங்க."

தாசையன் வண்டிக்கு முன்னால் இருந்து விலகினான். அப்புறம் என் பக்கம் திரும்பி, "கழத்தும்" என்றான்.

ஸ்பானர் போட்டேன். போல்ட் வந்தது, புஷ் வரவில்லை; நாலும் உப்பி, உள்ளுக்குள் ஒன்றோடொன்று சேர்ந்து, சட்டத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தன. என் கத்தி வழுக்கியது. ரம்பம் வழுக்கியது. கை வைத்துப் பார்த்தேன். உள்ளே ஆயிரம் குஞ்சு மூச்சு விடுகிற மாதிரி இருந்தது.

"இது பட்டை மாதிரி இருக்கு" என்றேன். "ஆழமாப் போனா இரும்புல முட்டும், மேலாப் போனா திறக்காது. எனக்கு வராது."

எல்லோரும் தாசையனைப் பார்த்தார்கள். அவன் வெட்டுக்கத்தியை எடுத்தான். வண்டிக்கு முன்னால் முழங்காலிட்டு, மரத்துக்குச் செய்கிற மாதிரி இடது உள்ளங்கையை முதலில் அந்த வெள்ளை உப்பலில் வைத்துச் சற்று நேரம் இருந்தான். அப்புறம் ஒரே கோடு, சாய்வாக, நூல் பிசகாமல், எந்த மரத்திலும் அவன் அவ்வளவு நன்றாக வெட்டியதில்லை. ரெத்தினபாய் ஒரு சிரட்டையைக் குனிந்து கீழே வைத்தாள். முதல் சொட்டு விழுந்தது.

முதலில் அரசமரம். தலைக்கு மேல் மழை வந்த மாதிரி இலை முழுக்கச் சலசலத்தது. அப்புறம் யாரும் தொடாமலே சர்ச் மணி தன் பழைய ஓசையை ஒருதரம் முனகிப் பார்த்துக்கொண்டது. மேளத்தோல் அதிர்ந்தது, கூரைத்தகரம் அதிர்ந்தது, வீடுகளில் பிள்ளைகள் எல்லாம் ஒன்றாக அழுதன, பஸ் ஸ்டாப்பில் அந்தப் பெண் திடீரென்று முகத்தைப் பொத்திக்கொண்டாள். வேலப்பன் கால்விரல் துடித்தது; அப்புறம் முழங்கால்; அப்புறம் சல்லடம் குலுங்க மாடன் வந்துவிட்டார், என் ஒர்க்‌ஷாப்பில், கிரீஸ் டப்பாவுக்கும் பழைய டயருக்கும் நடுவே. ரெத்தினபாயின் உதடு துடித்தது. அழுதாள்.

ஒவ்வொரு நடுக்கமும் தன் ஆளைத் தேடிப் போயிற்று. கடைசியில், முதலில் உள்ளே போனது வெளியே வந்தது. தாசையனுடையது. அதுதான் பெரிது. தேனீக்கூட்டம் மாதிரி ஒர்க்‌ஷாப்பின் கூரைக்குக் கீழே மொய்த்துக்கொண்டு நின்றது, கீழே இறங்க மனமில்லாத மாதிரி. தாசையன் கத்தியைத் தரையில் வைத்தான். வலது கையை நீட்டினான்.

"வா" என்றான். "வேற எங்க போவ?"

அது இறங்குவதற்குள் ரெத்தினபாய் தன் கையை அவன் கைமேல் வைத்துவிட்டாள்.

பாதி அவள் கைக்குப் போயிற்று; வளையல் கிலுகிலுத்தது. அடுத்து வந்தது வேலப்பன், வேலப்பன் இல்லை, மாடன், "இஞ்ச குடுலேய், எனக்கு இது ஒரு கனமா?" என்று திக்காத குரலில் சொல்லித் தன் கையை மேலே போட்டார். குட்டப்பன் வந்தான். "எனக்கு ஏற்கெனவே ஆடுகது, கூட ஒரு துளி வந்தா யாருக்குத் தெரியும்" என்றான். சுலைகா பீவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கோயில்பிள்ளை வந்தார், பஸ் டிரைவர் வந்தார், அந்தப் பையனும் பெண்ணும் ஒருத்தரையொருத்தர் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு வந்தார்கள். கை வைக்க இடம் கிடைக்காதவர்கள் முன்னால் நின்றவர் தோளில் வைத்தார்கள், அவர்கள் தோளில் பின்னால் நின்றவர்கள், அப்படியே அரசமரம் வரைக்கும். நான் ஸ்பானர் பிடிக்கிறவன், எனக்கு வேண்டாம் என்றுதான் நின்றேன். "ஆசானே, உம்ம கைக்கு மட்டும் என்ன கொம்பா?" என்றாள் பீவி. சோறும் ஆறிப்போயிருந்தது. வைத்தேன்.

எல்லோரும் கையை எடுத்தபோது தாசையன் கையில் மீதி இருந்தது எல்லோருக்கும் கிடைத்த அளவுதான், ஒரு சிட்டிகை. கத்தியை எடுத்துப் பார்த்தான். நூல் அளவு இடத்துக்குள் அந்த ஆட்டம் அடங்கியது.

இப்போதும் அவன்தான் மேல்வரிசை வெட்டுகிறான். அரசமூட்டில் டீ குடிக்க இறங்குகிற வெளியூர்க்காரர்கள், எல்லோர் கையிலும் கிளாஸ் லேசாகக் கிணுகிணுப்பதைக் கேட்டு, லாரி வருகிறது என்று திரும்பிச் சாலையைப் பார்ப்பார்கள். யாராவது இறந்துபோனால், கருமாதி அடியந்திரம் முடிந்த மறுநாள் அவர் பங்கை மற்றவர்கள் கூடிப் பிரித்துக்கொள்வார்கள். இந்த ஊருக்குக் கட்டிக்கொண்டு வருகிற பெண்ணுக்கு, பாலும் பழமும் கொடுத்த பிறகு, மாமியார் கையைப் பிடித்து அவள் பங்கைக் கொடுப்பாள். வேண்டாம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

கார்டுக்கு மறுபடி டயர்த் துண்டுதான் வைத்திருக்கிறேன். கடகடக்கிறது. கடகடக்கட்டும், பீவிக்குப் பால் ஏற்ற வசதி.

இதைக் கையால்தான் எழுதியிருக்கிறேன். எழுத்து அங்கங்கே ஆடியிருக்கும். வயசாகிவிட்டது என்று யாரும் சொல்ல வேண்டாம். அது தாசையனுடையது.